கணக்குக்கு அடங்காத கேஸ்!

கன்னியாகுமரியில் இருந்து வடகிழக்காக ஆறேழு கிலோமீட்டர் போனால், கடலை ஒட்டி நிற்கிறது வட்டக்கோட்டை. முதல்முறை போகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ‘வட்டம் எங்கே?’ கருங்கல் சுவர் நேராகப் போகிறது, மூலையில் திரும்புகிறது, மறுபடி நேராகப் போகிறது. கோட்டைக்கு நான்கு பக்கங்கள். வட்டம் பெயரில் மட்டும்தான் இருக்கிறது.

இந்த வாரம் நாம் பேசப்போகும் விஷயமும் இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ‘வாயு’ என்று ஒன்றைப் படித்தோம். அதற்கு ஒரு விதி, ஒரு சமன்பாடு, ஐந்து மதிப்பெண் கணக்கு எல்லாம் உண்டு. ஆனால், நம் வீட்டு சமையலறையில் இருக்கும் வாயு அந்தச் சமன்பாட்டுக்குக் கட்டுப்படுவதில்லை. கட்டுப்படாததால்தான் நம் வீட்டில் அடுப்பு எரிகிறது. கட்டுப்பட்டிருந்தால் ஒவ்வொரு நாளும் புது சிலிண்டர் மாட்ட வேண்டியிருக்கும். மிகைப்படுத்தவில்லை, கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

நல்ல பிள்ளை வாயு

பதினொன்றாம் வகுப்பு வேதியியல் படித்தவர்களுக்கு ‘பிவி = என்ஆர்டி’ நினைவிருக்கும். படிக்காதவர்களும் பயப்பட வேண்டாம். அது சொல்வது இவ்வளவுதான்: ஒரு வாயுவை அழுத்தினால் அது சுருங்கும். இரண்டு மடங்கு அழுத்தினால் பாதியாகும், பத்து மடங்கு அழுத்தினால் பத்தில் ஒன்றாகும். சூடாக்கினால் விரியும். சைக்கிளுக்குக் காற்றடிப்பது முதல் பைக் டயரில் காற்று பார்ப்பது வரை இந்த விதி அருமையாக வேலை செய்யும். நாம் சுவாசிக்கும் காற்று, சாதாரண அழுத்தத்தில் இந்த விதியை விட்டு ஆயிரத்தில் ஒரு பங்குகூட விலகுவதில்லை.

எப்போதும், எந்த அழுத்தத்திலும், எந்தக் குளிரிலும் இந்த விதியின்படியே நடக்கும் வாயுவுக்குப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் ‘நல்லியல்பு வாயு’. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. ஒரே ஒரு சிக்கல், அப்படி ஒரு வாயு உலகத்தில் கிடையாது. ஆக்ஸிஜன், நைட்ரஜன், சமையல் கேஸ் என்று நிஜத்தில் இருப்பவை எல்லாம் ‘இயல்பு வாயுக்கள்’. இவை சில நேரம் விதிப்படி நடக்கும், சில நேரம் தன் குணத்தைக் காட்டும்.

சுசீந்திரம் தேரோட்டத்தைப் பாருங்கள்

எங்கே பிசகுகிறது? அந்த விதி, நமக்குத் தெரியாமல் இரண்டு விஷயங்களை நம்பிக்கொண்டு இருக்கிறது. ஒன்று, வாயுவின் மூலக்கூறுகள் இடத்தையே அடைப்பதில்லை. இரண்டு, அவை ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை. இரண்டுமே உண்மை இல்லை.

சுசீந்திரத்தில் ரதவீதி இருக்கிறதே, அதில் சாதாரண நாள் விடியற்காலையில் பத்துப் பேர் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் யாரையும் இடிக்க மாட்டார்கள். ஒவ்வொருவருடைய உடம்பும் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று யோசிக்கவே தேவையில்லை. அவ்வளவு பெரிய வீதியில் பத்துப் பேர் ஒன்றுமே இல்லை. அதே வீதியில் மார்கழித் தேரோட்டம் அன்று போய் நில்லுங்கள். இப்போது ஒவ்வொரு உடம்பும் கணக்கில் வருகிறது. ஓர் அளவுக்கு மேல் நெருக்க முடியாது. வாயுவை மிகமிக அழுத்தும்போது நடப்பது இதுதான். மூலக்கூறின் சொந்தப் பருமன் தலையைக் காட்டும். விதி சொன்ன அளவுக்குச் சுருங்காது.

அடுத்தது ஈர்ப்பு. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர், எதிரே சொந்தக்காரர் வந்தாலும் நிற்க மாட்டார். சாவகாசமாக நடப்பவர் நின்று விடுவார். ‘எப்ப வந்திய?’ என்று ஆரம்பித்தால் பேச்சு நீளும். பேசுகிறவர்களைச் சுற்றி இன்னும் நாலு பேர் கூடுவார்கள். மூலக்கூறுகளுக்கும் ஒன்றன் மேல் ஒன்றுக்கு மெல்லிய பிடிப்பு உண்டு. சூடாக இருக்கும்போது அவை ஓட்டமாய் ஓடுகின்றன, அந்தப் பிடிப்பு பலிக்காது. குளிரும்போது வேகம் குறைகிறது, பிடிப்பு ஜெயிக்கிறது. கூடிக் கூடி, ஒரு கட்டத்தில் வாயு திரவமாகவே மாறிவிடுகிறது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். மூலக்கூறுகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாத நல்லியல்பு வாயு ஒருநாளும் திரவமாகாது. எவ்வளவு அழுத்தினாலும் வாயுவாகவே சுருங்கிக்கொண்டு போகும். திரவமாகும் குணம், விதியை மீறும் வாயுக்களுக்கு மட்டுமே உரியது.

ஒரு நாள் சிலிண்டர்

இப்போது நம் சமையலறைக்கு வருவோம். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. அதன் உள்ளளவு 33.3 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு குடம் தண்ணீர் பிடிக்கும் இடம். அதில் இருப்பது முக்கியமாக புரொப்பேனும் பியூட்டேனும். மொத்தத்தையும் வாயுவாக விரித்தால் 6,500 முதல் 7,000 லிட்டர் வரை வரும். மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் ஆறேழு நிறையும் அளவு.

இத்தனையையும் 33 லிட்டருக்குள் அடக்க, விதிப்படி எவ்வளவு அழுத்தம் வேண்டும்? வளிமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 200 மடங்கு. நம் வீட்டு சிலிண்டரை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ என்ற அழுத்தத்தில், அதாவது சுமார் 24 மடங்கில்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். 200 மடங்கு தாங்க வேண்டும் என்றால் அது இப்படி ஒருவர் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற பொருளாக இருக்காது.

உண்மையில் உள்ளே இருக்கும் அழுத்தம் சுமார் 6 மடங்குதான். காரணம், அழுத்தியதும் புரொப்பேனும் பியூட்டேனும் தங்களுக்குள் பிடித்துக்கொண்டு திரவமாகிவிட்டன. சிலிண்டரை ஆட்டினால் ‘தளக் தளக்’ என்று கேட்பது அந்தத் திரவம்தான்.

இதே சிலிண்டரில், இதே 6 மடங்கு அழுத்தத்தில், திரவமாகாத நல்லியல்பு வாயு இருந்தால் எவ்வளவு பிடிக்கும்? சுமார் 400 கிராம். ஒரு சிலிண்டர் 40 நாள் வரும் வீட்டில் ஒரு நாளைக்கு 350 கிராம் செலவாகிறது. ஆக, இன்று மாட்டிய சிலிண்டர் நாளைக் காலை காப்பிக்கு இருக்கும், மதியச் சாப்பாட்டுக்கு இருக்காது!

இதில் நமக்கு என்ன?

மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மூன்றும் பாதுகாப்போடும் பணத்தோடும் சம்பந்தப்பட்டவை.

முதலாவது, அழுத்தத்தை வைத்து எவ்வளவு கேஸ் மீதி என்று கண்டுபிடிக்க முடியாது. விதிக்கு அடங்கிய வாயுவாக இருந்தால் பாதி தீர்ந்ததும் அழுத்தமும் பாதியாகியிருக்கும். இங்கே உள்ளே திரவம் இருக்கும் வரை, தீர்ந்ததை ஈடுகட்ட அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதனால்தான் நேற்று வரை நன்றாக எரிந்த அடுப்பு இன்று திடீரென்று அடங்குகிறது. அளவைச் சரியாகச் சொல்வது எடை ஒன்றுதான். சிலிண்டரின் மேல் பகுதியில் காலி எடை எழுதியிருக்கும். அதோடு 14.2 கூட்டினால் வரவேண்டிய மொத்த எடை கிடைக்கும். 15.3 என்று எழுதியிருந்தால் 29.5 கிலோ இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போதே எடைபோட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது, சிலிண்டரைப் படுக்க வைக்காதீர்கள். தீரப்போகும்போது சாய்த்து வைப்பதும் கவிழ்ப்பதும் பல வீடுகளில் வழக்கம். நிமிர்ந்து நிற்கும்போது மேலே வாயு, கீழே திரவம். ரெகுலேட்டர் வாயுவுக்காகச் செய்யப்பட்டது. சாய்த்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும் என்பதை நினைத்துப் பாருங்கள். குழாய்க்குள் அது விரிந்தால் அடுப்பில் தீ எந்த உயரம் போகும்!

மூன்றாவது, வெந்நீர் ஊற்றாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். சிலிண்டரில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான் திரவம் நிரப்புகிறார்கள். மீதி இடம் ஏமாற்று வேலை அல்ல. வாயு அழுத்தினால் சுருங்கிக் கொடுக்கும், திரவம் கொடுக்காது. சூட்டில் திரவம் விரியும்போது அதற்குப் போக்கிடம் வேண்டும். அந்த இடம்தான் மேலே விட்டிருக்கும் காலி. கேஸ் கசிவு சந்தேகம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

31 டிகிரி ரகசியம்

‘எல்லா வாயுவையும் இப்படி அழுத்தித் திரவமாக்கிவிடலாமா?’ என்று கேட்பீர்கள். முடியாது. 1869-ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் தாமஸ் ஆண்ட்ரூஸ் என்ற விஞ்ஞானி கார்பன் டை ஆக்ஸைடை வைத்து இதைக் காட்டினார். 31 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அழுத்தினால் அது திரவமாகிறது. 31 டிகிரிக்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் திரவம் தனியாகப் பிரிவதில்லை. ஒவ்வொரு வாயுவுக்கும் இப்படி ஓர் எல்லை வெப்பநிலை உண்டு.

31 டிகிரி என்றால் நம் ஊரில் காலைக்கும் மதியத்துக்கும் நடுவே வந்து போகிற சூடு! அலுவலகங்களில் மாட்டியிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பு சிலிண்டரில் குளிர்ந்த காலையில் திரவம் இருக்கும். வெயில் ஏறி 31-ஐத் தாண்டினால், உள்ளே திரவம் ஓர் அடுக்கு, வாயு ஓர் அடுக்கு என்ற பிரிவே இருக்காது.

புரொப்பேனின் எல்லை சுமார் 97 டிகிரி, பியூட்டேனுடையது 152. நம் ஊர் வெயில் அதைத் தொடாது. அதனால் எல்பிஜியை அழுத்தியே திரவமாக்கலாம். சிஎன்ஜி என்று ஆட்டோவிலும் காரிலும் அடிக்கிறோமே, அது மீத்தேன். அதன் எல்லை மைனஸ் 82 டிகிரி. என்ன அழுத்தினாலும் நம் ஊரில் வாயுவாகத்தான் இருக்கும். அதனால்தான் 200 மடங்கு அழுத்தம், தடித்த சிலிண்டர். ஆனாலும் மீத்தேன் மூலக்கூறுகளுக்குள் இருக்கும் பிடிப்பால், விதி சொல்வதைவிட 15 முதல் 20 சதவீதம் கூடுதலாகவே அந்த சிலிண்டரில் பிடிக்கிறது. இது நமக்கு லாபம்.

நஷ்டமும் உண்டு. புகை சூழ்ந்த கட்டடத்துக்குள் போகும் தீயணைப்பு வீரர் முதுகில் சுமக்கும் காற்று சிலிண்டரைப் பாருங்கள். 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 மடங்கு அழுத்தத்தில் காற்று. விதிப்படி 2,040 லிட்டர் இருக்க வேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் மூலக்கூறுகளின் பருமன் தலைகாட்டுவதால், உண்மையில் சுமார் 10 சதவீதம் குறைவு. நிமிடத்துக்கு 40 லிட்டர் மூச்சு என்றால் ஏறக்குறைய ஐந்து நிமிடம் குறைகிறது. பாடப்புத்தகத்தில் அது ஒரு சின்னத் திருத்தம். புகைக்குள் இருப்பவருக்கு அந்த ஐந்து நிமிடம், வெளியே வரும் வழி.

தச்சரின் மகன் செய்த திருத்தம்

இந்த லாப நஷ்டத்துக்குச் சரியான கணக்கு எழுதியவர் யோஹன்னஸ் வான் டெர் வால்ஸ். 1837-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். லத்தீனும் கிரேக்கமும் தெரியாது என்பதால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத அவருக்கு அனுமதி இல்லை. பிறகு அந்த விதி தளர்த்தப்பட்டது. 1873-ல், 35 வயதில், முனைவர் பட்ட ஆய்வைக் கொடுத்தார். பழைய சமன்பாட்டைத் தூக்கிப் போடவில்லை. மூலக்கூறின் பருமனுக்கு ஒரு திருத்தம், ஈர்ப்புக்கு ஒரு திருத்தம், இரண்டை மட்டும் சேர்த்தார். வாயு ஏன் திரவமாகிறது என்பது அந்த ஒரே சமன்பாட்டில் அடங்கிவிட்டது. 1910-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதோடு முடியவில்லை. வான் டெர் வால்ஸ் செய்த பருமன் திருத்தமும் முழுமை இல்லை என்று 1918-ல் கல்கத்தாவில் இருந்து இரண்டு இளைஞர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். மேகநாத் சாஹாவும் சத்யேந்திரநாத் போஸும். பிற்காலத்தில் உலகப்புகழ் பெறப்போகும் போஸுக்கு அதுதான் முதல் ஆய்வுக் கட்டுரை.

வான் டெர் வால்ஸின் கணக்கை வழிகாட்டியாக வைத்து, ஹீலியத்தைத் திரவமாக்க முயன்றார் லைடன் பல்கலைக்கழகத்தின் காமர்லிங் ஓன்னஸ். வாயுக்களிலேயே கடைசி வரை அடங்காதது ஹீலியம். அதற்கு வேண்டிய ஹீலியத்தை அவர் எடுத்தது மோனசைட் மணலில் இருந்து! மோனசைட்டில் உள்ள தோரியம் சிதையும்போது பிறக்கும் ஹீலியம் அந்த மணலுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். அமெரிக்காவில் இருந்து மணல் வரவழைத்து, சூடாக்கி, ஹீலியத்தைச் சேர்த்து, 1908 ஜூலை 10-ம் தேதி மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தைக் கண்ணால் கண்டார்.

அடுத்த ஆண்டுதான், 1909-ல், திருவிதாங்கூரில் இருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலர் கண்டார். அந்த மணல் தேடல்தான் அவரை நம் குமரிக் கடற்கரையின் மணவாளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தது. அங்கே இன்றும் மணல் ஆலை இயங்குகிறது.

மலையடிவாரத்தில் மைனஸ் 253

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி சாலையில் போகும்போது, இடப்பக்கம் மகேந்திரகிரி மலை தெரியும். அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. கிரையோஜெனிக் எஞ்சினுக்கான திரவ ஹைட்ரஜன் அங்கே தயாராகிறது. எஞ்சினையும் அங்கேதான் சோதிக்கிறார்கள்.

ஹைட்ரஜனை வாயுவாக ராக்கெட்டில் ஏற்ற முடியாது, இடம் போதாது. திரவமாக்கினால் சுமார் 800 மடங்கு சுருங்கும். ஆனால், அது லேசில் வசப்படாது. மற்ற பெரும்பாலான வாயுக்கள் அழுத்தத்தில் இருந்து விரியும்போது குளிரும். ஹைட்ரஜன் சாதாரண வெப்பநிலையில் அப்படி விரிந்தால் சற்று சூடாகிறது! சுமார் மைனஸ் 70, 80 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் விரியும்போது குளிரத் தொடங்கும். அதனால் முதலில் திரவ நைட்ரஜன் போன்ற ஒன்றால் நன்றாகக் குளிர்வித்து, பிறகு விரியவிட்டு, மைனஸ் 253 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். நல்லியல்பு வாயுவோ இப்படி விரியும்போது சூடாகவும் ஆகாது, குளிரவும் செய்யாது.

இந்த வித்தை நமக்குச் சும்மா வரவில்லை. 2010 ஏப்ரல் 15-ல் நம் சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஏறிய ஜிஎஸ்எல்வி தோல்வி அடைந்தது. திரவ ஹைட்ரஜனை உந்தித் தர வேண்டிய பம்ப் நின்றுபோனது. மகேந்திரகிரியில் மறுபடி சோதனைகள், திருத்தங்கள். 2014 ஜனவரி 5-ல் வெற்றி. 2023 ஜூலையில் சந்திரயான்-3-ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் மேல் அடுக்கில் எரிந்ததும் திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்ஸிஜனும்தான்.

அப்படியானால் பள்ளியில் படித்த விதி தப்பா? தப்பில்லை. டயருக்கும் பலூனுக்கும் அது போதும். எந்த இடம் வரை அதை நம்பலாம் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் விஷயம். பிள்ளைகள் அடுத்தமுறை ‘விலகல்’ என்று மனப்பாடம் செய்யும்போது சமையலறைக்குக் கூட்டிப் போங்கள். ஈரத்துணியால் சிலிண்டரைச் சுற்றிலும் ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் மேல் பகுதி சட்டென்று காயும், கீழ்ப்பகுதி ஈரமாகவே இருக்கும். திரவம் இருக்கும் இடம் சீக்கிரம் சூடேறாது, அதனால் ஈரமும் மெதுவாகத்தான் காயும். அந்த ஈரக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுவரைதான் உங்கள் வீட்டு கேஸ் மீதி இருக்கிறது. கோடு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது என்றால், இன்றைக்கே அடுத்த சிலிண்டருக்குப் பதிவு செய்துவிடுங்கள்.